இடது நுரையீரலின் மூன்றாவது மடல்

பன்னிரண்டு வருடமாக உடற்கூறியல் கற்பிக்கிறேன். இப்படி ஒரு விடையைப் பார்த்ததில்லை. இடது நுரையீரலுக்கு மூன்று மடல் வரைந்து, மூன்றுக்கும் அழகாகப் பெயர் எழுதியிருந்தது. மூன்று மடல் வலது நுரையீரலுக்கு, இடதுக்கு இரண்டுதான். எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் இருக்குமே!

எழுதியது அக்கா. பதினைந்து வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் மருத்துவம் படிக்க வந்தவர். வகுப்பே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். இந்தத் தாளில் இரண்டு முறை தோற்றவர். இந்த முறையும் தோற்றால் படிப்பு அதோடு சரி. தேற ஐம்பது வேண்டும், நாற்பத்தேழு வந்திருந்தது. அந்தப் படத்துக்கு ஐந்து மதிப்பெண். நாலு மணிக்குப் பட்டியலைக் கொடுக்க வேண்டும்.

அவரைக் கூப்பிட்டு எரிந்து விழுந்தேன். நுரையீரல் மடலை எண்ணத் தெரியாதவர் எதற்கு டாக்டராக வேண்டும் என்றுகூடக் கேட்டுவிட்டேன். மேஜையில் அப்படித்தானே இருக்கிறது என்றார் அவர், நிதானமாக.

மேஜை என்பது கல்லூரி புதிதாக வாங்கிய, கட்டில் அளவுத் தொடுதிரை. அதில் ஒரு முப்பரிமாண உடல் படுத்திருக்கும். விரலால் தோலை நீக்கலாம், தசையை நீக்கலாம், எந்தப் பக்கமும் சுழற்றலாம். பிளக் பாயிண்ட் சுவரில் இருந்ததால் மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தோம். உடலின் வலப்பக்கம்தான் எல்லோரும் நிற்பது.

அக்கா அந்த உடலைச் சுழற்றி, இடது விலா எலும்புகளை நீக்கினார். உள்ளே மூன்று மடல். வலது நுரையீரலின் அச்சு அசல்.

படம் செய்த கம்ப்யூட்டர்காரருக்கு உடனே போன் போட்டேன். அவர் அசரவே இல்லை.

"ஒரு பாதி செஞ்சுட்டு, அதையே திருப்பிப் போட்டா மறுபாதி வந்துடும் மேடம். கேமுக்கு ஆள் செய்யறதும் அப்படித்தான். இதயம், கல்லீரல் எல்லாம் தனியா செஞ்சு வெச்சோமே."

அந்த ஆட்களை யாரும் அறுத்துப் பார்க்கப் போவதில்லை என்று கத்தினேன். நீங்கள் பார்த்துச் சரி சொன்ன பிறகுதானே அனுப்பினோம் என்றார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

உண்மைதான். திரையின் அடியில், சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. மூன்று நாள் பார்த்தேன், வலப்பக்கம் நின்றே. நிஜ உடலென்றால் சுற்றிப் போய் மறுபக்கமும் பார்த்திருப்பேன். இங்கே சுவர் தடுத்தது. சுழற்றத்தான் இத்தனை செலவு செய்து வாங்கினோம் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. மற்ற பிள்ளைகள் போன வருட நோட்ஸை உருப்போட்டுத் தப்பித்துவிட்டார்கள். மேஜையை ஒழுங்காகப் பார்த்துப் படித்தவர் மட்டும் மாட்டிக்கொண்டார்.

ஆனாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "புக்குல ரெண்டுன்னு தெளிவா போட்டிருக்கே. பாக்கலையா நீங்க?" என்றேன்.

"பாத்தேன் மேடம். கீழே உங்க பேர் இருந்துச்சு. அதனால புக்குதான் தப்புன்னு நினைச்சேன்."

இல்லாத மடலுக்கு மதிப்பெண் போட முடியாது. தோற்கடிக்கவும் மனம் வரவில்லை. நாலு மணிக்குப் பட்டியலுக்குப் பதில், பிழை என்னுடையது, அந்தக் கேள்விக்கு மறுதேர்வு வேண்டும் என்று கல்லூரி முதல்வருக்குக் கடிதம் கொடுத்தேன். அறையில் இருந்த மூன்று பேர் முன்னால் அவர் என்னைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை, மறுதேர்வுக்கு முன் சரியாகப் படித்துக்கொள்ளட்டும் என்று, பதப்படுத்தி வைத்திருந்த நிஜ நுரையீரல் ஒன்றை அக்காவின் முன் தட்டில் வைத்தேன். இடது, இரண்டு மடல் என்று நானே சொன்னேன். அக்கா தலையாட்டினார். ஆனால் பேனாவை எடுக்கவில்லை. உறை போட்ட கையால் நுரையீரலைத் தூக்கி, திருப்பி, எல்லாப் பக்கமும் தானே எண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் நோட்டில் எழுத ஆரம்பித்தார்.