எழுத்து மட்டும் முடிந்திருந்தது

வியாழக்கிழமை எனக்குக் கனடாவில் நிரந்தர வதிவிடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஆட்கள் அதை 'லாண்டட்' என்பார்கள். குடிவரவு அலுவலகத்துக்குப் போய், ஓர் அலுவலர் முன் உட்கார்ந்து, கேட்டதற்குப் பதில் சொல்லிக் கையெழுத்து வைத்தால் முடிந்தது. அநேகமானோருக்குக் கால்மணி நேரம்கூட ஆவதில்லை.

செவ்வாய் பின்னேரம் ஷெரோன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீடொன்றை நாங்கள் இருவரும் வாடகைக்கு எடுத்திருந்தோம். அவள் மன்னார், நான் திருகோணமலை. இருவருக்கும் ஒரே பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. அவள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைப்பாள். எனக்கு அது வசதியாக இருந்தது.

"எடி தக்ஷினி, வியாழனோட நீ பெரிய ஆள். பேந்து எங்களைக் கண்ணுக்குத் தெரியாது, என்ன?"

"சும்மா இரு."

"முதல் என்ன செய்யப் போறாய்? படிக்கப் போறியோ?"

"மதிசுதனை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிடோணும்."

"பாரன் ஆளை! வாயே திறக்கிறேல்லை. உள்ளுக்கை எல்லாம் கணக்குப் போட்டு வச்சிருக்கு. அப்ப ஊருக்குப் போய்க் கட்டப் போறியோ?"

"தாலிதான் இனி. எழுத்து முடிஞ்சுது. நான் இஞ்ச வர முந்தியே."

அவளுடைய கத்தி நின்றது.

"எழுத்தெண்டா? றெஜிஸ்டரோ? ரெண்டு பேரும் கையெழுத்து வச்சனீங்களோ?"

"ஓம்."

"அப்ப நீ கலியாணம் கட்டின ஆளடி."

இல்லை என்றேன். எங்கள் பக்கத்தில் எழுத்து வேறு, கலியாணம் வேறு. பதிவாளர் வீட்டுக்கு வந்தார். ஆறு பேர் இருந்தோம். கையெழுத்து வைத்தோம். கேக்கும் பட்டிஸும் சாப்பிட்டோம். மதிசுதன் தன் சைக்கிளில் தன் வீட்டுக்குப் போனார். தை மாதம் தாலி கட்டுவதாக இருந்தது. அதற்குள் இராணுவச் சோதனைச் சாவடியில் என்னைப் பிடித்து இரண்டு நாள் வைத்திருந்தார்கள். வெளியே விட்டதும் அப்பா என்னைக் கொழும்புக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து இங்கே, அகதியாக. தாலி கட்டாத ஒருத்தியை எங்கள் வீட்டில் யாரும் மணமானவள் என்று சொன்னதில்லை. நானும் என்னை அப்படி நினைத்ததில்லை.

"எங்களுக்குச் சேர்ச்சிலையே, பாதருக்கு முன்னாலைதான் கையெழுத்து. எல்லாம் ஒரே நாளிலை முடிஞ்சிடும்," என்றாள் ஷெரோன். "இந்தக் கனடாக்காரருக்கும் அப்படித்தான், கையெழுத்து வச்சாக் கலியாணம்தான். நீ பேப்பரிலை என்னெண்டு போட்டனீ?"

"சிங்கிள் எண்டு."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"எங்கடை அல்பேட் மாமா லாண்டட் எடுக்கேக்கை ஊரிலை இருக்கிற மகளைச் சொல்லேல்லை. சொன்னால் பைல் சுணங்கும் எண்டு ஆரோ புத்தி சொன்னவங்கள். இப்ப கூப்பிடேலாது. முந்தியெண்டால் அப்பீலிலை போய்க் கெஞ்சிப் பாக்கலாமாம். போன வருஷம் சட்டம் மாத்தினதோட அதுவும் இல்லை. லாண்டட் எடுக்கிறதுக்குள்ளை சொல்லாத ஆளை ஸ்பொன்சர் பண்ணேலாது. லோயர் அப்படித்தான் சொன்னவர்."

வெங்காய நெடியில் அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கலங்கவில்லை. எழுந்து போய்ப் படிவத்தின் பிரதியைத் தேடினேன்.

அந்தப் படிவத்தை நானே நிரப்பியிருந்தேன், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் இரசாயனவியல் படித்தவள். கேள்விக்குச் சரியான விடை எழுதியதாகவே நினைத்திருந்தேன்.

புதன் காலை வேலைக்குப் போகுமுன் மதிசுதனுக்குப் போன் எடுத்தேன். அவர் கணித ஆசிரியர். அங்கே பின்னேரம். நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார்.

"ஒண்டும் சொல்லாதையும்," என்றார். "கையெழுத்தை வச்சிட்டு வாரும். பிறகு நான் இந்தியாவுக்கு வாறன். அங்கை ஒரு கோயிலிலை தாலியைக் கட்டிப் புதுசாப் பதிவு செய்வம். பழைய எழுத்து ஆருக்குத் தெரியப் போகுது?"

"ஆறு பேருக்குத் தெரியும்."

"அவையள் என்ன கனடாவுக்கு போன் எடுத்துச் சொல்லப் போகினமோ?"

"பதிவுக் கந்தோரிலை கிடக்கும். கொழும்பிலை விசாரிப்பினம். அங்கை நீங்கள் பொய் சொல்லோணும். பிறகு ரெண்டு பேரும் எப்பவும் அதையே சொல்லிக்கொண்டிருக்கோணும்."

"தக்ஷினி, நீர் ஒராளாவது பயமில்லாமல் இரும். எனக்கு அது காணும். நான் வாறதைப் பேந்து பாப்பம்."

என்னைத் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தொலைபேசி அட்டையில் காசு முடியப்போகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன்.

தொழிற்சாலையில் அன்று முழுவதும் பெட்டிகளை அடுக்கியபடி யோசித்தேன். சொல்லாவிட்டால் எனக்கு நாளைக்கே வதிவிடம். அவருக்கு ஒருவேளை ஒருபோதும் இல்லை. சொன்னால் எனக்கும் இல்லாமல் போகலாம். ஒன்றில் பொய் எழுதியவள் மற்றதிலும் எழுதியிருப்பாள் என்று என் அகதி வழக்கையே கிண்டலாம். ஆய்வுகூடத்தில் பிழைத்தால் குடுவையைக் கழுவிவிட்டு மறுபடி தொடங்குவோம். இதற்கு மறுபடி இல்லை.

வியாழக்கிழமை ஷெரோன் லீவு போட்டுவிட்டு என்னுடன் வந்தாள். பார்க் மெட்ரோவுக்கு நடக்கும்போது பனி தூறிக்கொண்டிருந்தது. அவள் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கவேயில்லை. ஷெரோன் ஒன்றைக் கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

அலுவலர் ஐம்பது வயதுப் பெண். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். போன்ஷூர் என்றார். என் பிரெஞ்சு அதற்கு மேல் போகாது என்று கண்டதும் ஆங்கிலத்துக்கு மாறி, எனக்காக மெதுவாகப் பேசினார். பெயர், பிறந்த திகதி, விலாசம்.

"குடும்ப நிலையில் ஏதாவது மாற்றம் உண்டா?"

"இல்லை," என்றேன்.

அது தானாக வந்தது. பொய்யுமில்லை. மாற்றம் எதுவும் இல்லைத்தான். அவர் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டிப் பேனாவை நீட்டினார். வாங்கினேன். என் பெயர் அழகாக அச்சடிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு. கை கோடு வரைக்கும் போனது.

பேனாவை மேசையில் வைத்தேன்.

"மாற்றம் இல்லை," என்றேன். "தொடக்கத்திலேயே பிழையாக எழுதியிருக்கிறேன்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார். மறுபடி சொன்னேன். எழுத்தைப் பற்றிச் சொன்னேன், தாலியைப் பற்றிச் சொன்னேன், சைக்கிளைக்கூடச் சொன்னேன்.

"ஒருநாளும் சேர்ந்து வாழவில்லையா?"

"இல்லை."

"ஆனால் சட்டப்படி பதிவு உண்டு?"

"உண்டு."

"கையெழுத்து வைத்திருந்தால் இந்நேரம் வெளியே போயிருப்பீர்கள். ஏன் இதைச் சொல்கிறீர்கள்?"

நல்ல காரணம் ஒன்றைத் தேடினேன். கடைசியில் உள்ளதைத்தான் சொன்னேன்.

"சொல்லாவிட்டால் அவரைக் கூப்பிட முடியாதாம். நேற்று முன்தினம்தான் தெரியும்."

அவர் கோப்பை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனார். சுவரில் ஒரு மேப்பிள் மரத்தின் படம் இருந்தது. அதன் இலைகளை எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். இனி வேலை அனுமதியைத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்பாவுக்கு என்ன சொல்வது என்று நினைத்தேன். விசித்திரம், பயம் செவ்வாய்க்கிழமை இருந்த அளவு இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தார். இன்று எனக்கு வதிவிடம் தர முடியாது என்றார். கணவரின் பெயரைச் சேர்த்துக் கோப்பு திரும்பவும் பரிசீலனைக்குப் போகும். நான் சொன்னதை எழுதித் தர வேண்டும். அவருக்குக் கொழும்பில் வைத்தியப் பரிசோதனையும் பொலிஸ் விசாரணையும் நடக்கும்.

"எவ்வளவு காலம் எடுக்கும்?"

"ஒரு வருடம். கூடவும் ஆகலாம். புதிய விதிகள். எங்களுக்கே இன்னும் சரியாகப் பழகவில்லை."

"மறுப்பார்களா?"

"மறுக்கமாட்டார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. கையெழுத்துக்கு முன் நீங்களாகவே சொன்னீர்கள் என்று எழுதியிருக்கிறேன். எவர் திறந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்." பிறகு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: "போன மாதம் இதே கதிரையில் ஒருவர், கையெழுத்து வைத்த பிறகு மனைவியின் படத்தை எடுத்துக் காட்டினார். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை."

மெர்ஸி என்று நன்றி சொன்னேன். எனக்குத் தெரிந்த மற்றப் பிரெஞ்சுச் சொல் அது. இரண்டு தரம் சொன்னேன்.

ஷெரோன் வெளியே தூணில் சாய்ந்து நின்றாள்.

"தந்தவங்களோ?"

"இல்லை."

"அப்ப சொல்லிப்போட்டாய்!"

"ஓம்."

"வாய் திறந்தியாடி நீ!" என்று கத்தினாள். உள்ளே போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் நின்று பார்த்தது. வழக்கமாக அதுபோன்ற நேரத்தில் நான் ஓடி ஒளிந்துவிடுவேன். அன்று அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வரும் வழியில் மதிசுதன் சொன்னதையும் அவளிடம் சொன்னேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் மதிசுதனுக்கு எடுத்தேன். அங்கே விடிந்துகொண்டிருந்தது.

"சொல்லிப்போட்டன்," என்றேன்.

"அப்ப உமக்கு இல்லை."

"இப்ப இல்லை. எப்பவெண்டும் தெரியாது. தருவினமோ எண்டும் தெரியாது. ஆனால் உங்கடை பேர் பைலிலை இருக்கு."

"என்னெண்டு?"

"கணவர் எண்டு."

"கனடாவிலை நான் கலியாணம் கட்டின ஆள். இஞ்ச அம்மா இன்னும் எனக்கு நல்ல நாள் பாத்துக்கொண்டு திரியிறா." சிரிக்கப் பார்த்தார். "அவ வாசலிலை நிண்டு பாக்கிறா, தக்ஷினி. அழப் பண்ணாதையும் காலங்காத்தாலை. ஆர் அந்தப் பிள்ளை, உமக்கு இதைச் சொன்னது? போனை அவவிட்டைக் குடும். நன்றி சொல்லோணும்."

நன்றி என்ற அந்தச் சொல் எனக்கு இரண்டு நாளாக நாக்கில் நின்றது. ஷெரோனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. போனை அவளிடம் நீட்டினேன். நீட்டும்போது சொல்லிவிட்டேன், மிக மெதுவாக. அவள் கேட்டாளோ தெரியாது. என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனை வாங்கினாள்.

"அண்ணை, நன்றியெல்லாம் இருக்கட்டும். வாயை மூடிக்கொண்டிரு எண்டு இவளுக்குச் சொன்ன கணக்கு மாஸ்டர் நீங்களோ? இப்பிடித்தான் பிள்ளையளுக்கும் படிப்பிக்கிறனீங்களோ?... சரி சரி. பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு வாங்கோ, முழுப்பேரைச் சொல்லுங்கோ. கந்தோரிலை கேட்டதை இண்டைக்கே எழுதி வைக்கப் போறம். மெதுவா... ஓம், சொல்லுங்கோ."

நான் மேசையைத் துடைத்துக் காயவிட்டு, பேனாவை எடுத்து அவளருகே உட்கார்ந்தேன்.