தேங்காய் வான்

பாரிஸ் லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தவரத்தினத்துக்குச் சாராய வாடையே ஆகாது. அவருடைய கால் நரம்பு வலி ஒரு மருந்துக்கும் மசியாததால், அரசாங்கம் பரீட்சார்த்தமாக அனுமதித்திருந்த கஞ்சா எண்ணெயை ஆஸ்பத்திரி வைத்தியர் எழுதிக் கொடுத்தார். அதை எடுக்கும் காலமெல்லாம் வாகனம் ஓட்டக்கூடாது என்பது விதி. தவரத்தினம் விதிக்குப் பயந்தவர். சனத்தின் வாய்க்கு அதைவிடப் பயந்தவர். மெத்ரோ ரயில் வாசலில் கஞ்சா புகைக்கும் பொடியன்களை இத்தனை வருஷமாகக் கிழிகிழியென்று கிழித்துவிட்டு, இப்போது எந்த முகத்தோடு வெளியே சொல்வது?

கோயில் தேருக்கு உடைக்கும் தேங்காயெல்லாம் வருஷா வருஷம் அவருடைய வான் வண்டியில்தான் வரும். அந்தப் பழைய வானின் கியர் அவர் கைக்கு மட்டுமே விழும். இம்முறை ஏலாது என்றதும் கோயில் செயலாளர் கஜன் கடைக்கே வந்துவிட்டான்.

"என்னண்ணை, வானை விட்டிட்டு மெத்ரோவிலை திரியிறியளாம். குடிக்கத் தொடங்கிட்டியளோ?"

கஞ்சாவோடு ஒப்பிட்டால் குடி எவ்வளவோ மரியாதையானதாகத் தோன்றியது.

"ஓம் தம்பி," என்று தவரத்தினம் தலையைக் குனிந்தார். காசுப்பெட்டியடியில் இருந்த மனைவி தில்லைநாயகி வாயைப் பொத்திக்கொண்டு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போனாள்.

கஜன் அவரைக் கையோடு கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ண வைத்தான். வாழ்நாளில் தொடாததை இனியும் தொடமாட்டேன் என்று அவரும் மனதாரச் சத்தியம் பண்ணினார்.

மறுநாள் காலை கஜன் சிரித்த முகத்தோடு வந்து நின்றான்.

"குடியைத்தான் விட்டாச்சே அண்ணை. இனி என்ன, வானை எடுங்கோ."

தவரத்தினம் மனைவியைப் பார்த்தார். அவள் வெகு கவனமாகப் புளி நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைத் தம்பி," என்றார். "இரவே திரும்பத் தொடங்கிட்டன்."