கொஞ்சம் தூரமா

எனக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை. பகலில் தூங்கினால்தான் உண்டு. போன மாதம் வேலை முடிந்து வரும்போது, கொண்டை ஊசி வளைவில் ஸ்கூட்டியிலேயே கண் அசந்துவிட்டேன். பள்ளத்துப் பக்கம் தடுப்புக் கல் இருந்ததால் இன்றைக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சொன்னால் வேலையை விடச் சொல்வார்கள். ஆகவே வாயைத் திறக்காமல், படுக்கையறையைத் தூங்குகிற இடமாக மாற்றுவது என்று முடிவுகட்டினேன்.

மாற்றத்தான் வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் கான்கிரீட் போட்ட அறை, வாசலைப் பார்த்துத் தனிக்கதவு வைத்தது. ஒழுகாது என்பதால் மிளகு மூட்டைகள் அங்கே. கதகதப்பாக இருக்கும் என்பதால் கட்டிலுக்கு அடியில் பழுக்கவைத்த பலாப்பழங்கள். போதாக்குறைக்கு, ஊரிலேயே டவர் கிடைக்கிற ஒரே இடம் என் தலைமாட்டு ஜன்னல். பக்கத்து வீட்டுச் செங்கோடன் மாமா திருப்பூரில் இருக்கும் மகனிடம் பேசுவதெல்லாம் என் காதுக்குள்தான்.

யூடியூபில் ஒரு பெண் தேன் ஒழுகும் குரலில் வழி சொன்னாள். சுவருக்கு வெளிர்நீலம் அடியுங்கள், கனமான திரை போடுங்கள், மனதுக்கு அமைதி தராத எதையும் அறையில் வைக்காதீர்கள். அவள் வீட்டில் மாமியார் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் நீலம் அடித்தேன். நாமக்கல் போய்த் திரைத்துணியும் புது மெத்தையும் வாங்கி வந்தேன். லாவெண்டர் வாசனை பாட்டில் ஒன்றும் வைத்தேன். பலாப்பழத்துக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

"அத்தை, இந்த மூட்டைய வேற எங்காச்சும் வைங்க" என்று மாமியார் பொன்னாத்தாளிடம் கெஞ்சினேன்.

"மூட்டை உன்னைய என்ன கண்ணு பண்ணுது? அதுபாட்டுக்கு ஒரு மூலைல கெடக்குது."

கணவர் சசிகுமாரிடம் சொன்னேன். "ஏனுங்க, நீங்களாச்சும் சொல்லுங்க."

"வாரேன் இரு, வந்து பேசிக்கலாம்" என்று தோட்டத்துக்குப் போனவர்தான். அவர் வந்து பேசுவதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன்.

திரை போட்ட மறுநாள் செங்கோடன் மாமா ஜன்னல் வழியாகக் கையை விட்டு, திரையை ஒதுக்கி, போனை உள்ளே நீட்டிக்கொண்டு பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டே, "தூரமா போய்ப் பேசுங்க மாமா" என்றேன். தலையணையைத் தாண்டி முதல் சொல் மட்டும்தான் வெளியே போயிருக்கிறது. எங்கள் ஊரில் தூரம் என்றால் மாதவிலக்கு. மனிதர் போனைப் பிடுங்கிக்கொண்டு அத்தையைத் தேடி ஓடினார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் தூக்கத்தில் தவறவிட்டேன். எழுந்து பார்த்தால் மூட்டைகளைக் காணவில்லை. பலாப்பழங்களைக் காணவில்லை. கதவுக்கு வெளியே தனித்தட்டில் களியும் கீரையும் மூடி வைத்திருந்தது. கல்யாணமான நாளாக, அந்த நாட்களில் ஒதுங்கி இருக்கும் இந்த வழக்கத்துக்கு நான் கட்டுப்பட்டதில்லை என்று அத்தைக்குக் குறை. எட்ட நின்று, "இப்பவாச்சும் புத்தி வந்துச்சே சாமி" என்று மகிழ்ந்துபோனார்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். மெத்தையைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ஆத்திரம் தீரவில்லை. களைப்பாக இருக்கிறது என்று நாள்கணக்கில் மன்றாடினேன், ஒருவர் காதிலும் ஏறவில்லை. தீட்டு என்றதும் பாதை விடுகிறார்கள். ஒரு பொம்பளை இந்த வீட்டில் படுக்கவேண்டும் என்றால் அவள் அசுத்தமாக இருக்கவேண்டுமா?

மூன்றாம் நாள் செங்கோடன் மாமாவின் மருமகள் ராதிகா பாயோடு வந்து நின்றாள். "அக்கா, எனக்கும் தூரம். ஒரு ஓரமாப் படுத்துக்கறனே."

"உனக்குப் போன வாரந்தானே?"

"அதனால என்னக்கா" என்று பாயை விரித்தாள். மரவள்ளிக்காட்டில் களையெடுத்த கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. படுத்தவள் சாயங்காலம்வரை அசையவில்லை. குறட்டை வேறு. நாமக்கல் போய் வாங்கிவந்த நிம்மதியெல்லாம் அவளுக்குத்தான் போனது. திட்டுவதற்காக எழுந்தேன். வாயைத் திறந்து அவள் தூங்கிய தூக்கத்தைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பிப் படுத்தேன்.

அடுத்த நாளும் ராதிகா பாயோடு வந்து படுத்துவிட்டாள். மறுபடி கதவு தட்டும் சத்தம். இன்னொருத்தி என்று நினைத்துக் கொதித்துக்கொண்டே திறந்தேன். அத்தை நின்றார். தோளில் விறகு சுமந்த கயிற்றின் தடம். படியில் கால் வைக்காமல், கீழேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க அத்தை, மூட்டையா?"

"இல்ல கண்ணு." உள்ளே தூங்கும் ராதிகாவை எட்டிப் பார்த்தார். பிறகு வாசலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எனக்கு அது நின்னு இருவது வருசமாச்சு" என்றார் மெல்ல. "அன்னைல இருந்து பகல்ல படுக்க ஒரு சாக்கும் இல்லாமப் போச்சு. செத்த நேரம் படுத்துக்கட்டுமா?"

நான் திரும்பிப் போய்க் கட்டிலில் ஏறி, நகர்ந்து இடம் விட்டேன்.