எலுமிச்சை இலையில் ஒரு வெள்ளிக் கோடு

1

இந்தக் கதை எங்கள் வீட்டு எலுமிச்சைச் செடியில் கிடைத்தது. ஒரு கொழுந்து இலையில் வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து போயிருந்தது. இலையின் தோலுக்கு அடியில் ஒரு புழு தின்றுகொண்டே போன வழியாம் அது. வளர்ந்ததும் இலையோரத்தை மடித்து உள்ளே கூடு கட்டுமாம். பிறகு அரிசியைவிடச் சின்னதாக ஓர் அந்துப்பூச்சி வெளியே வருமாம்.

(நான் குடும்பக் காதல் கதை எழுதுகிறவள். புழுவைப் பார்த்தாலும் கல்யாணம்தான் தோன்றுகிறது.)

2

விருத்தாசலத்தில் அன்று மழை... இல்லை, பெய்யவில்லை.

தமிழினியின் கண்கள்... இதுவும் வேண்டாம். பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுவதுதான் அவள் வேலை. அவளிடம் போய்க் கண்ணைப் பற்றி நான் என்ன சொல்ல?

அதே பட்டறையில் நிலவன் பொம்மைகளைக் கிளேஸில் முக்குகிறவன். சுட்டால் பளபளக்கும் வெள்ளைக் கரைசல் அது. பொம்மையின் அடியில் ஒட்டியதை ஈர ஸ்பாஞ்சால் துடைக்காவிட்டால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

"நாம கட்டிக்கலாமாங்க?" என்று கேட்டான்.

அவள் ஜன்னலோர எலுமிச்சைத் தொட்டியைக் காட்டினாள். "அதுல ஒரு புழு இருக்குது. பூச்சியாகி வெளிய வரட்டும், சொல்றேன்."

3

மறுநாள் நிலவன் கொழுத்த பச்சைப்புழு ஒன்றைத் தேடினான். கண்ணில் பட்டது இலைமேல் ஒரு வெள்ளைக் கோடு. கிளேஸ் தெறித்துவிட்டது என்று நினைத்தான். கைப்பழக்கம், ஸ்பாஞ்சை எடுத்துத் தேய்த்தான்.

"போகவே மாட்டேங்குதுங்க."

தமிழினி ஓடிவந்தாள். "அதுக்குள்ளதாங்க புழு இருக்குது."

சூளையருகே இருந்த நீலாவதி அக்கா சிரித்தார். "சம்மதத்தையே தொடச்சிட்டியா தம்பி? நல்ல வேலைக்காரன்தான் போ."

4

இங்கே புழு செத்துப்போ

(அடித்துவிட்டேன். மனசு வரவில்லை.)

நிலவன் தினமும் அரைமணி முன்னதாக வந்து ஸ்டூல் போட்டுச் செடி முன்னால் உட்கார்ந்தான். மூன்றாம் நாள் கத்தினான்.

"ஓரம் மடிஞ்சிருக்குதுங்க. உயிரோட இருக்குது."

"மெதுவா பேசுங்க, அது தூங்குது" என்றாள் தமிழினி.

5

ஒரு வாரம் கழித்து மடிப்பு பிரிந்திருந்தது. உள்ளிருந்த கூட்டின் வெறும் பழுப்புத் தோல் நீட்டிக்கொண்டிருந்தது.

"வந்துடுச்சில்ல?" என்றான் நிலவன்.

"யாரு பாத்தா?" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பக்கத்துக் கொழுந்தில் நூல்போல் இன்னொரு கோடு.* தமிழினி அதைப் பார்த்தாள். அவனுடைய ஸ்பாஞ்சை எடுத்து எட்டாத அலமாரியில் வைத்தாள். தன் ஸ்டூலையும் இழுத்து வந்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள்.

நான் இங்கே பேனாவை மூடுகிறேன். அவள் சொன்னதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதைத் துடைக்க மட்டும் வேண்டாம். நிலவன் அதைச் செய்து பார்த்துவிட்டான், போகாது.

* நம் பூச்சி இப்போதுதான் வெளியே போயிருக்கிறது, அதற்குள் பிள்ளை பிறக்காது; இது அதே இனத்தில் வேறொரு பூச்சியின் பிள்ளை. கதைக்காகக்கூட நான் பொய் சொல்லவில்லை.