ஜாமீன் கையெழுத்து

கடன் சங்கத்தின் மாடிப்படியில் என் மனைவி என்னை முந்திக்கொண்டு ஏறினாள். மருந்துக் கடையில் பன்னிரண்டு வருஷமாக பில் போடுகிறவள். மருந்தாளர் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. இன்று மூன்று மணிக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும். அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். பணம் அவள் கைப்பையில் ஓர் உறைக்குள் இருந்தது. அப்போது மணி இரண்டே கால்.

எங்கள் வீட்டுத் திட்டம் அவள் போட்டதுதான். பீரோ கதவின் உட்புறம் ஒரு தாள். சின்னதிலிருந்து பெரியதுவரை நான்கு கடன்கள். ஒன்று தீர்ந்தால் அந்தத் தவணையையும் அடுத்ததோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கடைசி வரி: 'என் படிப்பு'. மூன்று வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மூன்று கடன்களை அடைத்தோம். நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றிவிட்டு, பஸ் காசை மிச்சம்பிடித்து வீட்டுக்கு நடந்தே போன ஆசாமி. நாலாவதும் இன்றோடு ஒழிகிறது.

கடைசித் தவணையை எண்ணி வாங்கிக்கொண்ட குமாஸ்தா, கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நான் ஜாமீன் போட்ட இன்னொரு கடனில் ஐந்து தவணை பாக்கியாம். இன்றே கட்டாவிட்டால் என் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி என் கம்பெனிக்குக் கடிதம் போய்விடுமாம். தொகையையும் சொன்னார். உறையில் இருந்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அவள் குமாஸ்தாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"யாருக்குப் போட்டீங்க?"

"உங்க அண்ணனுக்கு."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மச்சான் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த கட்டடத்துக்கே வந்து நின்றார். தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். எண்ணெய்க் கையோடு கையெழுத்துப் போட்டேன். பீரோத் தாளில் எழுதவில்லை. நாம் வாங்காத பணம் எப்படி நம் கடனாகும் என்று நினைத்த அறிவாளி நான்.

அவள் கைப்பையைத் திறந்தாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவள் எடுத்தது பேனா. குமாஸ்தாவிடம் ஒரு துண்டுத் தாள் கேட்டு வாங்கி, தொகையை எழுதி என் சட்டைப் பையில் வைத்தாள்.

"இது அஞ்சாவது கடன். எங்கிட்ட மறைச்சது ரெண்டு பேர். ரெண்டு பேருமே கட்டுங்க."

"சம்பளத்துல பிடிச்சா வீட்டுக்கு என்ன பண்றது?"

"அதக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

குரலை உயர்த்தவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று யோசித்தபோது என்னைத் தவிர ஆள் கிடைக்கவில்லை.

ஜன்னல் வழியே பார்த்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள். மூன்று வருஷத்தில் அவள் ஆட்டோ ஏறி நான் பார்த்ததில்லை.

மச்சானுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். பாக்கியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மாப்ள, தங்கச்சிக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுபோச்சு. பணம் கட்டத்தான் போயிருக்கா."

"நல்லவ. எனக்காகத்தானே?"

"இல்ல மச்சான். அவளுக்காக. நீங்க கிளம்பி இங்க வாங்க."