ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டிய ஊர்

ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'இறந்தவருக்கு உறவு' என்ற கட்டத்தில் 'மகள்' என்று அவள் எழுதிக்கொண்டிருந்தபோது மடியிலிருந்த பிளாஸ்டிக் பைக்குள் அப்பாவின் கைப்பேசி அடித்தது. சட்டை, பெல்ட், மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்து இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவள் முடிச்சை அவிழ்ப்பதற்குள் மணி ஒருமுறை நின்று மறுபடி அடித்தது.

"சார், டூர் ஆபீஸ்ல இருந்து பேசறேன். நாளைக்குச் சாயந்திரம் அஞ்சு மணிதான் சார் கடைசி. அதுக்கு மேல சீட்டை நிறுத்தி வைக்க முடியாது. ரோமுக்கா, பிராக்குக்கான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"நான் அவரு பொண்ணு பேசறேன்."

"அப்ப நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க மேடம். அப்பாவும் அம்மாவும் மாத்தி மாத்திப் போன் பண்றாங்க."

"நாளைக்குச் சொல்றோம்" என்று வைத்துவிட்டாள். சொல்ல வேண்டியதை ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தம்பி முகத்தைக் கைகளில் புதைத்திருந்தான்.

அப்பா லிப்ட் மெக்கானிக். முப்பத்தெட்டு வருடம் இருட்டுக் குழிகளுக்குள் கயிற்றையும் கப்பியையும் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். ரோமில் இருக்கும் அந்தப் பழைய வட்ட அரங்கத்துக்குள், அந்தக் காலத்திலேயே சிங்கங்களைக் கூண்டோடு மேலே தூக்கிவிட லிப்ட் வைத்திருந்தார்கள் என்று எங்கோ படித்ததிலிருந்து அவருக்கு அதே பேச்சு. "மோட்டார் கிடையாது, கரெண்ட் கிடையாது. ஆளுங்க சுத்திச் சுத்தித் தூக்கியிருக்காங்க. அந்தக் குழியில ஒருதரம் எட்டிப் பார்த்துட்டேன்னா போதும்."

அம்மா பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவள். அவள் மேஜைக்கு எதிர்ச் சுவரில் எப்போதோ வந்த ஒரு காலண்டர் படம். பிராக் நகரத்துப் பழைய பாலம், இரண்டு பக்கமும் சிலைகள், கீழே பனிமூட்டம். ஊசியைக் கண்டு நடுங்குகிறவர்களிடம், "என்னைப் பாக்காதீங்க, அந்தப் பாலத்தைப் பாருங்க. எத்தனை சிலைன்னு எண்ணுங்க" என்பாள். அவர்கள் நான்காவது சிலைக்குப் போவதற்குள் பஞ்சு வைத்து அழுத்திவிடுவாள். "இருபத்தேழு வருஷமா ஊரையே அந்தப் பாலத்துல ஏத்தி விட்டிருக்கேன். நான் போனதில்ல" என்பதுதான் அவள் கட்சி.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஒருமுறை விமானம் ஏறுவது என்று முடிவானது. எந்த ஊர் என்பது மட்டும் எட்டு மாதமாக முடிவாகவில்லை. சாப்பாட்டு மேஜையில் ஆரம்பிக்கும் சண்டை பல் தேய்க்கும்போதும் நடந்தது. "சிங்கம் போன லிப்டைப் பாக்க அவ்ளோ தூரமா? நம்ம லிப்டுல போறதுங்களையே பாத்துக்கலாம்" என்பாள் அம்மா. "பாலத்துல என்னடி இருக்கு? இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கப் போற" என்பார் அப்பா.

நேற்றுச் சாயங்காலம் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இன்று காலை ஏழு மணிக்கு, அம்மா முகம் கழுவப் போயிருந்த நேரத்தில், மகளைப் பக்கத்தில் வரச் சொன்னார். மருந்துக்கடையில் பதினோரு வருடம் வேலை பார்ப்பவள் அவள். கட்டிலருகே தொங்கிய மருந்தின் பெயரைப் படித்ததுமே அவளுக்கு நிலைமை புரிந்திருந்தது.

"உங்கம்மாகிட்ட பிராக்குக்கே போலாம்னு சொல்லிடு."

"நீங்களே சொல்லுங்கப்பா."

"நான் சொன்னா நம்பமாட்டா. இதுல என்ன தில்லுமுல்லுன்னு கேப்பா." சிரிக்கப் பார்த்தார். மூச்சு அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒன்பது மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

மதியம் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ஸ்ட்ரெச்சர் லிப்டுக்குள் நுழையவில்லை. அவரோடு வேலை பார்த்தவர்கள் நான்கு பேர் மாடிப்படி வழியாகத் தூக்கினார்கள். "இந்த லிப்டை எத்தனை வாட்டி சரி பண்ணியிருப்பாரு. அவருக்கே இடமில்ல பாரு" என்று ஒருவர் தழுதழுத்தார். முன்னால் ஏறிக்கொண்டிருந்த அம்மா திரும்பி, "திருப்பத்துல சாய்க்காதீங்க. அவருக்குக் கழுத்து வலி உண்டு" என்றாள்.

மறுநாள் பதினோரு மணிக்குத் தகனம். அம்மா அழுதாள். ஆனால் வந்தவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. வீடு திரும்பியதும் குளித்துவிட்டுத் தலை வாரிக்கொண்டு வந்தாள். கூடத்தில் தம்பி அக்காவிடம் தணிந்த குரலில், "அந்த டூர் ஆபீசுக்குப் போன் போட்டு ரத்து பண்ணிடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"யாரைக் கேட்டு ரத்து பண்ற?"

"அம்மா, இந்த நேரத்துல..."

"அஞ்சு மணிக்குள்ள சொல்லணும். எனக்குத் தெரியும். வண்டிச் சாவியை உங்க அக்காகிட்ட குடு."

"இன்னைக்கேவா? நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

"அந்த நாலு பேரும் இப்பதான் வீட்டுக்குப் போயிருக்காங்க. அசதியில தூங்குவாங்க."

அப்பா சொன்னதைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் மகள் நினைத்தாள். ஒவ்வொரு சிக்னலும் சீக்கிரமே பச்சையாகிவிட்டது.

டூர் ஆபீஸ் பெண் அம்மாவைக் கண்டதும் சிரித்தாள். "வாங்க மேடம். இன்னைக்கு நீங்க ஜெயிச்சீங்களா, சார் ஜெயிச்சாரா? சார் எங்க, கீழ நிக்கறாரா?"

"காலமாயிட்டாரு. தகனம் முடிச்சுட்டு வரோம்."

அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். "உக்காரும்மா. நீ என்ன பண்ணுவ. எழுதிக்கோ. பிராக். ஒரு ஆள்" என்றாள் அம்மா.

"அம்மா" என்றாள் மகள்.

அம்மா அவள் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "என்ன? அப்பா ஆசைப்பட்டது ரோமாச்சேன்னு சொல்லப் போற. அதானே? எட்டு மாசம் எதிர்ல உக்காந்து பேசி அந்த மனுஷனால ஜெயிக்க முடியல. இப்பச் செத்துப்போயி ஜெயிச்சிடலாம்னு பாக்கறாரு. நான் விடமாட்டேன்."

குரலில் ஒரு பிசிறு இல்லை. மேஜைக்கு அடியில் மட்டும் அம்மாவின் வலது கட்டைவிரல் தன் இடது கையிலேயே நரம்பைத் தேடுவதுபோல் அழுத்தி அழுத்தி நகர்ந்துகொண்டிருந்தது.

அப்பா சொன்ன வார்த்தை மகளின் நாக்கு நுனியில் இருந்தது. எட்டு மாதமாக ஒரு கதவை இந்தப் பக்கமிருந்து அம்மாவும் அந்தப் பக்கமிருந்து அப்பாவும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து அப்பா முன்பே கையை எடுத்துவிட்டார் என்று இப்போது சொன்னால், அம்மா முகம் குப்புற விழுவாள். சண்டை போடவாவது அவர் அங்கே நிற்கட்டும்.

"அது இல்லம்மா. அங்க குளிரும். நல்லதா ஸ்வெட்டர் வாங்கணும்னு சொல்ல வந்தேன்."

"அதுக்கா இப்படி முழிக்கற?"

"நானும் கூட வரட்டுமா?"

"வேணாம். நீ வந்தா உன்னைப் பாத்துக்கறதே எனக்கு வேலையாயிடும்." அம்மா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். கீழே வாசலுக்கு இறங்கிய பிறகு, படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மகள் வண்டியில் ஏதோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் அம்மா வீட்டுக்குப் போனபோது அம்மா பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தடித்த அடிப்பாகம் வைத்த ஷூ. வாழ்நாளில் செருப்பைத் தவிர எதையும் போட்டறியாத கால்.

"அங்க தெருவெல்லாம் கருங்கல் பாவியிருக்காம். நாள் முழுக்க நடக்கணுமாம். இப்பலேர்ந்தே பழக்கணும்."

"வீட்டுக்குள்ளயா?"

"வெளிய போட்டா அழுக்காகிடும்ல."

கயிற்றை இரண்டு முடிச்சாகப் போட்டுக்கொண்டு எழுந்தாள். மகள் கூடத்தில் உட்கார்ந்து, யாருக்காவது கொடுப்பதற்காக எடுத்து வைத்திருந்த அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஷூ சத்தம் சமையலறைக்குப் போனது, பால்கனிக்குப் போனது, திரும்பிப் படுக்கையறைக்குள் போனது. அங்கே நின்றுவிட்டது.

கையிலிருந்த சட்டையை மடிக்காமல் அவள் காத்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, ஷூ ஒரு அடி எடுத்து வைப்பது கேட்டது. பிறகு இன்னொன்று.