சாமான் அறைக் கட்டில்

பெண் பிள்ளைகளின் கோடை முகாமுக்கு நாற்பது இரும்புக் கட்டில்களைக் கூலிக்கு மாடிக்குச் சுமந்தவள் நான். சன்னலோரக் கட்டிலை என் மகளுக்கென்றே போட்டிருந்தேன். மறுநாள் அவளைச் சேர்க்கப் போனால், அந்தக் கட்டில் கீழே சாமான் அறையில் துடைப்பங்களோடு கிடக்கிறது.

"பையனாப் பொறந்த பிள்ளையை மத்த பொண்ணுங்களோட எப்படிம்மா படுக்க வைக்கிறது?" என்றாள் வார்டன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெத்தவ நான் சொல்றேன், அவ பொண்ணு. துடைப்பத்தோட படுக்கவா அனுப்புறேன்?"

துண்டைச் சும்மாடாகச் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்குக் குனிந்தேன். மகள் தடுத்தாள். "உன் இடுப்பு தாங்காதும்மா. ஏய், வாங்கடி!"

அவள் வகுப்புத் தோழிகள் நான்கு பேர் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி, ஆளுக்கொரு கட்டில்காலைப் பிடித்தார்கள். மகள் முன்னே நடந்தாள். "ஒதுங்குங்க மிஸ், கால்ல இடிச்சிடும்."

வார்டன் ஒதுங்கினாள். என் கோபம் ஆறவில்லை. மாடியேறி நாற்பதையும் எண்ணிவிட்டுத்தான் இறங்கினேன்.